பூட்டிய கதவும் பதினான்கு ஆண்டுகளும்

டெல்லி அசோக் விகாரில் ஒரு மாடி வீடு. 2000 ஏப்ரலில் கல்யாணமாகி வந்த மருமகள் அதன் இரண்டாம் மாடியில் கணவனோடு குடியிருந்தார். பத்திரம் மாமியார் பெயரில் இருந்தது. பிறகு கணவன் விவாகரத்து மனு போட்டார். மருமகள் தரப்பிலிருந்து போலீஸ் புகார் போனது. மாமனார், மாமியார், கணவன், மணமாகிப் போன நாத்தனார் எல்லோரும் கைதாகி, மூன்று நாள் கழித்து ஜாமீனில் வந்தார்கள். தாய் வீட்டுக்குப் போயிருந்த மருமகள் திரும்பி வந்தபோது வாசல் கதவு பூட்டியிருந்தது. உள்ளே போக வழிசெய்யும்படி 2003இல் உரிமையியல் வழக்குப் போட்டார். நீதிமன்றம் உத்தரவு எதுவும் போடுவதற்கு முன்பே பெற்றோரோடு வந்து பூட்டை உடைத்துவிட்டார் என்று மாமனார் தரப்பு சொன்னது. மருமகளுக்குப் பயந்து சில காலம் தங்கள் அலுவலகத்திலேயே தங்க வேண்டியதாயிற்று என்றும் சொன்னது.

எந்த ஊரிலும் நடக்கக்கூடிய சண்டைதான். கீழ் நீதிமன்றம் மருமகளுக்குத் தடையுத்தரவு தந்தது, மேல்முறையீட்டில் அது போனது, உயர் நீதிமன்றத்தில் திரும்பி வந்தது. இப்படி ஏறி இறங்கி உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்த நேரத்தில் நாட்டில் ஒரு புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் இந்த வழக்கு தொடுக்கப்படவில்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தின் கழுத்தில் முதலில் கை வைத்தது இந்த வழக்குதான்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடிபட்ட பெண்ணுக்கு இருந்த பெரிய ஆயுதம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு. அது கணவனை உள்ளே தள்ளும். அன்றிரவு அவள் எங்கே படுப்பாள் என்று அது கேட்காது. பெரும்பாலான பெண்கள் புகார் கொடுக்கத் தயங்கியதற்குக் காரணமும் இதுதான். புகார் கொடுத்த மறுநிமிடம் அந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை.

புதுச் சட்டம் இந்த இடத்தில்தான் புதிது. 17ஆம் பிரிவு, சொத்தில் அவளுக்குப் பாத்தியதை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்றது. 19ஆம் பிரிவின்படி, அவளை வெளியேற்றக் கூடாது என்று நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவிடலாம். கணவனை வெளியே போகச் சொல்லலாம். வீட்டை விற்கக் கூடாது என்று தடுக்கலாம். அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ வாடகை கட்டவோ சொல்லலாம். ‘பகிர்ந்து வாழ்ந்த வீடு’ என்றால் எது? எதிர்மனுதாரரோடு குடும்ப உறவில் அவள் வாழ்கிற அல்லது எப்போதாவது வாழ்ந்த வீடு என்று 2ஆம் பிரிவு சொன்னது. வீடு சொந்தமா வாடகையா, யார் பெயரில் என்பதையெல்லாம் விரிவாக எழுதி, எந்தப் பக்கமும் ஓட்டை விடாமல் அடைக்கப் பார்த்தார்கள்.

ஐம்பது நாள்தான் அந்த அடைப்பு தாங்கியது. 2006 டிசம்பர் 15 அன்று நீதிபதிகள் எஸ்.பி. சின்ஹா, மார்க்கண்டேய கட்ஜு அமர்வு, அசோக் விகார் வீட்டில் மருமகளுக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்தக் குடும்பத்தின் பெயரால் இதைப் பத்ரா வழக்கு என்பார்கள். வீடு கணவனுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அல்லது கணவன் வாடகைக்கு எடுத்ததாக இருக்க வேண்டும், அல்லது கணவன் உறுப்பினராக உள்ள கூட்டுக் குடும்பத்தின் சொத்தாக இருக்க வேண்டும். மாமியார் பெயரில் உள்ள வீடு இந்த மூன்றிலும் சேராது. வேறு இடம் வேண்டுமென்றால் கணவனிடம்தான் கேட்கலாம், மாமனார் மாமியாரிடம் கேட்க முடியாது. ‘எப்போதாவது வாழ்ந்த’ என்ற சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால் கணவனின் தாத்தா வீடு, மாமா வீடு, அத்தை வீடு என்று தங்கிய இடமெல்லாம் பகிர்ந்து வாழ்ந்த வீடாகிக் குழப்பம் வரும் என்று அமர்வு கவலைப்பட்டது. சட்டத்தின் வரைவே சரியில்லை என்றும் குறைபட்டுக்கொண்டது.

கணவனின் மாமா வீட்டில் குடியிருக்க உத்தரவு கேட்டு வந்த ஒரு பெண்ணையும் என் வக்கீல் தொழிலில் நான் பார்த்ததில்லை. பெண்கள் கேட்டது தாங்கள் சமைத்த அடுப்படி உள்ள வீட்டை.

நம் நாட்டில் இருபத்தெட்டு வயதில் எத்தனை ஆண்கள் பெயரில் வீடு இருக்கிறது? மணமான புதிதில் பெரும்பாலோர் குடியிருப்பது அப்பா கட்டிய வீட்டில், அல்லது அம்மா பெயரில் வாங்கிய மனையில். கணவன் பெயரில் இருந்தால்தான் உரிமை என்று சொன்னவுடன் அந்த உரிமை முக்கால்வாசிப் பேருக்கு ஏட்டில் மட்டும் மிஞ்சியது. நடுவர் நீதிமன்றங்களில் எதிருரைகள் அச்சு வார்த்தாற்போல் வர ஆரம்பித்தன: “மனுவில் கண்ட வீடு இரண்டாம் எதிர்மனுதாரரின் சுயார்ஜிதச் சொத்து. மனுதாரருக்கு அதில் எவ்வித பாத்தியதையும் இல்லை.” கூடவே பத்ரா வழக்கின் நகல். அடித்தாரா இல்லையா என்ற பேச்சே எழாது. வில்லங்கச் சான்றைப் பார்த்தால் போதும், வழக்கு முடிந்தது.

வில்லங்கச் சான்று என்றதும் பெங்களூரு வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. கணவன் 2002இல் மனை வாங்குகிறார். 2006இல் அதே விலைக்குத் தன் தந்தைக்கு விற்கிறார். 2010இல் தந்தை அதைத் தன் மனைவிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கிறார். மூன்று பத்திரங்களில் மகன் கையிலிருந்து அம்மா கைக்கு வீடு போய்விட்டது. அதில் குடியிருந்த மருமகள் மட்டும் அங்கேயே இருந்தார். பிறகு பெற்றோர் இருவரும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மனுக் கொடுத்து, மருமகளைக் காலி செய்ய உத்தரவு வாங்கினார்கள். கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. தமிழ்நாட்டில் இந்த மனு கோட்டாட்சியரிடம் போகும். குறுகிய விசாரணை, சீக்கிரம் முடிவு. முதியவர்களைத் தெருவில் விடும் பிள்ளைகளுக்கு எதிராக 2007இல் வந்த நல்ல சட்டம் அது. அதை மருமகளைத் தெருவில் விடவும் பயன்படுத்தலாம் என்று யாரோ ஒரு கெட்டிக்கார வக்கீல் கண்டுபிடித்துவிட்டார்.

பத்ரா தீர்ப்பைச் சுற்றிப்போக உயர் நீதிமன்றங்கள் அவ்வப்போது வழி தேடின. ஒரே சமையலறையில் ஒரே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014இல் ஒரு வழக்கில் சொன்னது. ஆனால் நடுவர் நீதிமன்றத்தில் நாற்பதாவது வழக்காகக் கூப்பிடப்படும் பெண்ணுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எட்டுவதில்லை. உச்ச நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம்தான் மாற்ற வேண்டும்.

மாற்றிய அஹூஜா வழக்கு டெல்லி நியூ ஃபிரெண்ட்ஸ் காலனியிலிருந்து வந்தது. 1983இல் மாமனார் வாங்கிய வீடு. 1995இல் மணமான தம்பதி முதல் மாடியில் குடியிருந்தார்கள். 2004இல் கணவன் கீழே விருந்தினர் அறைக்கு மாறிக்கொண்டார். 2014இல் விவாகரத்து மனு. 2015 நவம்பரில் மருமகள் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நடுவரிடம் போனார். அவரை வெளியேற்றக் கூடாது, வீட்டை விற்கக் கூடாது என்ற இடைக்கால உத்தரவு 2016 நவம்பரில் வந்தது. முதல் விசாரணை மூன்று நாளுக்குள் இருக்க வேண்டும், மனுவை அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சொல்லும் சட்டத்தில் இடைக்கால உத்தரவுக்கு ஒரு வருடம். அதுவும் தலைநகரில், நல்ல வக்கீல் வைத்துக்கொள்ள வசதியுள்ள குடும்பத்தில்.

2017இல் மாமனார் உரிமையியல் நீதிமன்றத்தில் மருமகளைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். மகனை அதில் கட்சியாகவே சேர்க்கவில்லை. கணவன் மனைவி பிரச்சினை, கணவனைக் காணோம்! வீடு மாமனாருடையது என்று மருமகளே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று காரணம் காட்டி, சாட்சி விசாரணை இல்லாமலேயே 2019இல் தீர்ப்பும் வந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, மகனையும் சேர்த்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. மாமனார் உச்ச நீதிமன்றம் போனார். 2020 அக்டோபர் 15 அன்று நீதிபதிகள் அசோக் பூஷண், சுபாஷ் ரெட்டி, எம்.ஆர். ஷா அடங்கிய அமர்வு, பத்ரா தீர்ப்பு சட்டத்தைச் சரியாகப் பொருள் கொள்ளவில்லை என்று சொல்லி அதைக் கைவிட்டது. வீடு கணவனின் உறவினருக்குச் சொந்தமாக இருந்தாலும், அவள் அங்கே நிலையாகக் குடும்பம் நடத்தியிருந்தால் அது பகிர்ந்து வாழ்ந்த வீடுதான். விருந்துக்குப் போய்த் தங்கிய வீடு இதில் சேராது. அத்தை வீட்டுக் கவலை ஒரே வரியில் தீர்ந்தது. அதே சமயம் இது அசைக்க முடியாத உரிமை இல்லை என்றும், முதிய மாமனார் மாமியாரின் நிம்மதியையும் நீதிமன்றம் எடைபோட வேண்டும் என்றும் அமர்வு சேர்த்துச் சொன்னது. அது நியாயம்தான். மகனும் மருமகளும் போடும் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட முதியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்துப் பெங்களூரு வழக்கிலும் தீர்ப்பு வந்தது. நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டிப் பெண்ணின் குடியிருக்கும் உரிமையைப் பறிக்க முடியாது என்று சொல்லி, காலி செய்யும் உத்தரவை ரத்து செய்தது. தேதி 2020 டிசம்பர் 15. பத்ரா தீர்ப்பு வந்து நாள் பிசகாமல் பதினான்கு ஆண்டுகள்.

இந்த இடைவெளியில் வெளியே போன பெண்கள் திரும்பி வரப்போவதில்லை. பலருக்கு அந்த வீட்டில் இப்போது வேறொரு மருமகள் இருப்பாள். சட்டம் நிறைவேறாமல் போவதற்குப் பணமில்லை, ஆளில்லை, விழிப்புணர்வு இல்லை என்று கருத்தரங்குகளில் பட்டியல் போடுவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தச் சட்டத்தின் நடுத்தூணைச் சாய்த்தது ஆள் பற்றாக்குறை இல்லை, ஒரு சொல்லுக்குக் கொடுத்த பொருள். சொத்து என்றால் பத்திரம் என்று பழகிய சட்டக் கண்ணுக்கு, பாத்தியதை இல்லாத ஒருத்தி ஒரு வீட்டில் உரிமையோடு இருப்பது ஒவ்வாத காட்சியாக இருந்தது. வரைவு சரியில்லை என்று நீதிபதிகள் குறைபட்டதில் எனக்கு உடன்பாடில்லை. நீளமான வாக்கியம்தான், ஆனால் சொல்ல வந்தது தெளிவாகவே இருந்தது. அதைத்தான் அஹூஜா வழக்கின் அமர்வு எழுத்துக்கு எழுத்து படித்துக் காட்டியது.

2020க்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதை என் மேசைக்கு வந்த ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன். அடையாளங்களை விட்டுவிடுகிறேன்.

அந்தப் பெண் ஒரு துணிப்பையில் காகிதங்களோடு வந்தார். பையின் உள்ளறையிலிருந்து ஒரு சாவியையும் எடுத்து மேசைமேல் வைத்தார். பூட்டை மாற்றி எட்டு மாதமாகியிருந்தது. சாவியை மட்டும் தூக்கிப்போட மனமில்லை. குடும்ப அட்டையில் அவர் பெயரை நீக்கியிருந்தார்கள். நல்ல வேளையாகப் பழைய அட்டையின் நகல் ஒன்று மகளின் பள்ளிச் சேர்க்கைக் காகிதங்களோடு இருந்தது. எரிவாயு சிலிண்டர் ரசீது ஒன்றில் அவர் கையெழுத்து. தெருக்கோடி மருத்துவமனையின் தடுப்பூசி அட்டையில் அந்த வீட்டு முகவரி. அஹூஜா தீர்ப்புக்குப் பிறகு இந்த வழக்குகளில் சாட்சியம் இப்படித்தான் மாறியிருக்கிறது. முன்பு சொத்துப் பத்திரம் தேடினோம். இப்போது அவள் அங்கே வாழ்ந்தாள் என்பதற்குத் துணுக்குக் காகிதம் தேடுகிறோம். அடித்து விரட்டப்பட்டு ராத்திரியில் கிளம்பியவள் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டா கிளம்புவாள்?

அவர் முதலில் போனது மகளிர் காவல் நிலையத்துக்கு. 1992இல் தமிழ்நாடு தொடங்கிய ஏற்பாடு அது. அங்கே மனு ரசீது கொடுத்தார்கள். கணவனை வரவழைத்துப் பேசினார்கள். “குழந்தைக்காகப் பொறுத்துப் போம்மா, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். புகார் கொடுக்க வரும் பெண்ணிடம் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் அவளுக்குள்ள வழிகளைச் சொல்ல வேண்டியது காவல் அதிகாரியின் கடமை என்று 5ஆம் பிரிவு சொல்கிறது. பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பதே எங்களிடம் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

பாதுகாப்பு அலுவலர்தான் இந்தச் சட்டத்தின் கை கால். நடந்ததைக் கேட்டு, குடும்ப நிகழ்வு அறிக்கையைப் படிவத்தில் எழுதி நடுவருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவ உதவி, தங்குமிடம், இலவசச் சட்ட உதவி எல்லாம் ஏற்பாடு செய்ய வேண்டும். எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் இரண்டு நாளுக்குள் போய்ச் சேரப் பார்க்க வேண்டும். பல மாநிலங்களில் இந்தப் பொறுப்பு ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கும் ஒருவரின் தலையில் கூடுதலாக ஏற்றப்பட்டிருக்கிறது. 2022 ஜூலைக் கணக்குப்படி இந்தச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் 4.71 லட்சம் மனுக்கள் நிலுவையில் இருந்தன. மாவட்டத்துக்கு ஒருவர் என்றால் ஆளுக்கு ஐந்நூறு, அறுநூறு என்று உச்ச நீதிமன்றமே 2023இல் கணக்குப் போட்டுக் காட்டியது. மாவட்டத்திலும் வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை ஆறு வாரத்துக்குள் நியமியுங்கள் என்று 2025 மே மாதத்தில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சட்டம் வந்து பதினெட்டு ஆண்டு தாண்டிய பிறகு, அதை அமல்படுத்தும் ஆளைப் போடுங்கள் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அலுவலரின் அறிக்கை வராததால் பல வழக்குகள் மாதக்கணக்கில் தூங்கின. அறிக்கை இல்லாமலும் உத்தரவு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாக்கிவிட்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து போன இன்னொரு வழக்கில், பிரிந்து பல ஆண்டுகள் கழித்து மனுப் போட்டாலும் காலக்கெடு முடிந்துவிட்டது என்று தள்ளக் கூடாது என்றும் சொன்னது. சிக்கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு பெண் பத்தாண்டு நடந்திருக்கிறாள்.

எங்கள் வழக்கில் நோட்டீஸ் மூன்று முறை திரும்பி வந்தது. உறையின்மேல் தபால்காரரின் எழுத்து: ‘கதவு பூட்டியிருந்தது.’ அதே கதவு. நான்காம் முறை கணவனின் வேலையிடத்துக்கு அனுப்பிச் சேர்த்தோம். எதிருரை வந்தது. சுயார்ஜிதச் சொத்து, பாத்தியதை இல்லை என்று அச்சடித்த வாசகம் அப்படியே இருந்தது. பத்ரா தீர்ப்பின் நகலையும் வைத்திருந்தார்கள். அது கைவிடப்பட்டு ஆண்டுகள் ஆகின்றன என்பதை எதிர்த்தரப்பு வக்கீல் கவனிக்கவில்லையா, கவனித்தும் வைத்தாரா என்று நான் கேட்கவில்லை. மூத்தவர், மரியாதைக்குரியவர்.

வாய்தா மேல் வாய்தா. ஒரு முறை நடுவர் விடுப்பு. ஒரு முறை எதிர்த்தரப்பு அவகாசம். ஒரு முறை சமரசம். கணவனும் அதே வீட்டில் இருக்கட்டும், தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்று ஒரு யோசனை வந்தது. கேட்டவுடன் அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்து நானே வேண்டாம் என்றேன். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.என். மஞ்சுளா 2022இல் இந்த யோசனையைத்தான் உடைத்தார். கணவன் அங்கே இருப்பதே அணுகுண்டு போல் பயமுறுத்தும்போது, வீட்டிலேயே இரு, தொந்தரவு செய்யாதே என்று உத்தரவிடுவதில் பொருளில்லை என்றார். கணவனை வெளியேற்றுவது ஒன்றுதான் வீட்டில் அமைதிக்கு வழி என்றால், அவருக்கு வேறு வீடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் வெளியேற்ற வேண்டும் என்றும் சொன்னார். அந்தத் தீர்ப்பை நான் எப்போதும் பையில் வைத்திருக்கிறேன்.

பதினோராவது மாதம் உத்தரவு வந்தது. மாடியில் ஒரு அறையும் சமையலறையும் அவருக்கு. கணவன் அங்கே வரக் கூடாது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தில் பல் இருப்பது இந்த 31ஆம் பிரிவில்தான். ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் போலீஸ் பதிவு செய்த வழக்குகள் 2022இல் நாடு முழுவதும் ஐந்நூறைத் தொடவில்லை. அதே ஆண்டு 498ஏ வழக்குகள் 1.4 லட்சம். நாட்டுக் கணவர்கள் உத்தரவுகளுக்கு அவ்வளவு பணிந்து நடக்கிறார்கள் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

மனுவிலேயே ஒரு பத்தி கேட்டு வாங்கியிருந்தேன்: உத்தரவை நிறைவேற்றக் காவல் நிலையப் பொறுப்பாளர் உதவ வேண்டும் என்று. 19ஆம் பிரிவில் அதற்கு இடமிருக்கிறது. கேட்காவிட்டால் கிடைக்காது. அந்த வரி இல்லாத உத்தரவோடு காவல் நிலையம் போனால், இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள். இரண்டு காவலர்கள், ஒரு பூட்டுக்காரர், அந்தப் பெண்ணின் தம்பி, நான். மாமனாரும் மாமியாரும் மூத்த மகன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பூட்டு ஐந்தே நிமிடத்தில் திறந்தது. மகளின் பழைய பென்சில் கிறுக்கல்கள் மாடிப்படிச் சுவரில் அப்படியே இருந்தன. மேலே போய் விளக்கைப் போட்டார், எரியவில்லை. ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாயின் வால்வையும் அடைத்திருந்தார்கள்.

மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் தனி மனு போட்டோம். எண்ணிட்டு, மூத்த மகன் முகவரிக்கு நோட்டீஸ் போனது. பதினைந்தாம் நாள் உறை திரும்பி வந்தது. வேறொரு தபால்காரரின் கையெழுத்து, அதே இரண்டு சொற்கள்.